கோணல் வழி

கோணல் என்றால் நம்மவர்களுக்கு ஓர் இளக்காரம். நேரான மனிதர் என்று புகழ்கிறோம். கோணல் புத்திக்காரன் என்று வைகிறோம். கொங்கு நாட்டுக்காரன் மட்டும் கோணலை அப்படி ஒரேயடியாக இகழ்ந்துவிட முடியாது. பவானி ஆறு காவிரியோடு கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஓர் அணை. அதிலிருந்து புறப்படுகிறது காலிங்கராயன் வாய்க்கால். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வெட்டியது. ஈரோட்டைத் தொட்டுக்கொண்டு கொடுமுடிப் பக்கம் சுமார் 90 கிலோமீட்டர் ஓடுகிறது. ஓடுகிறது என்பதைவிட வளைகிறது, நெளிகிறது, திரும்புகிறது என்று சொல்வதே பொருத்தம். ஒரு பாம்பு முன்னால் ஊர்ந்து வழி காட்டிற்று, அதன் தடத்திலேயே வெட்டிக்கொண்டு போனார்கள் என்று எங்கள் பக்கத்துப் பாட்டிமார் கதை சொல்வார்கள். பாம்பு காட்டியதோ, மனிதன் கண்டுபிடித்ததோ, சூட்சுமம் ஒன்றுதான். தண்ணீர் மேட்டில் ஏறாது. நிலத்தின் சரிவு எந்தப் பக்கம் மெல்ல இறங்குகிறதோ அந்தப் பக்கமே வாய்க்காலும் திரும்ப வேண்டும். ரூல் தடியை வைத்துக் கோடு கிழித்திருந்தால் பாதி வழியிலேயே தண்ணீர் நின்றுபோயிருக்கும்.

இந்த வாய்க்கால் எனக்கு ஞாபகம் வந்தது ஒரு விசித்திரமான சந்தர்ப்பத்தில். மூன்று மணி நேர ஸினிமா ஒரு செல்போனுக்குள் எப்படி அடங்குகிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுச் சில புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றில் ஒரு படம் போட்டிருந்தார்கள். எட்டுக்கு எட்டு, அறுபத்து நான்கு கட்டங்கள். இடது மேல் மூலையில் புறப்பட்டு, மூலைவாட்டில் இறங்கி, ஏறி, மறுபடி இறங்கி, நெளிந்து நெளிந்து வலது கீழ் மூலையில் போய் முடிகிறது ஒரு கோடு. அசல் காலிங்கராயன் வாய்க்கால்! அந்தக் கோட்டின் சரித்திரத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். வாசகர்கள் பயப்பட வேண்டாம். இதில் கணக்கு உண்டு. ஆனால் மளிகைக் கடைக் கணக்குக்கு மேல் போகாது.

ஸினிமாவைப் பற்றிப் பேசக் கோயமுத்தூர்க்காரனுக்குக் கொஞ்சம் உரிமையும் உண்டு. சாமிக்கண்ணு வின்சென்ட் என்ற கோவைக்காரர் திருச்சியில் ரயில்வே உத்தியோகத்தில் இருந்தார். 1905இல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் ஒரு புரொஜெக்டரையும் சில துண்டுப் படங்களையும் விலைக்கு வாங்கி, உத்தியோகத்தை உதறிவிட்டு, கூடாரத்தைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் படம் காட்டப் புறப்பட்டார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். தென்னிந்தியாவின் மிகப் பழைய நிரந்தர ஸினிமாக் கொட்டகைகளில் அது ஒன்று. தெருவுக்கே அதன் பெயர் நிலைத்துவிட்டது. பின்னால் சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோ வந்தது, பட்சிராஜா வந்தது, சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் வந்தது. 1954இல் வெளிவந்த ‘மலைக்கள்ளன்’ பட்சிராஜாவில் பிறந்த பிள்ளை.

அந்தக் காலத்தில் படம் என்பது எடை உள்ள சாமான். மூன்று மணி நேரப் படத்துக்குப் பிலிம் ஏறக்குறைய 16,000 அடி. விரித்தால் 5 கிலோமீட்டர் வரும். தகரப் பெட்டிகளில் அடைத்து, பஸ்ஸின் மேல் கூரையில் ஏற்றி, டூரிங் டாக்கீஸ்களுக்கு அனுப்புவார்கள். பெட்டி வந்து சேர்ந்தால்தான் கொட்டகையில் பாட்டுப் போடுவார்கள். இன்றைக்கு அந்தப் பெட்டியும் இல்லை, பஸ்ஸும் வேண்டியதில்லை. படம் காற்றில் வருகிறது. வருகிறது என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அது வரவே முடியாத சமாசாரம்.

இப்படிப் பாருங்கள். இன்றைய நல்ல டெலிவிஷனில் ஒரு படம் என்பது அகலத்தில் 1,920, உயரத்தில் 1,080 புள்ளிகள். ஆக மொத்தம் 20,73,600. ஒவ்வொரு புள்ளிக்கும் வர்ணத்தைச் சொல்ல மூன்று எண்கள். வினாடிக்கு 25 படங்கள். மூன்று மணி நேரத்துக்குப் பெருக்கினால் சுமார் 1,680 கிகாபைட் ஆகிறது. டி.வி.டி. தட்டுகளில் நிரப்பினால் 350க்கு மேல் வேண்டும். ஆனால் நம்முடைய செல்போனில் ஒன்றிரண்டு கிகாபைட்டில் அதே படம் ஜம்மென்று ஓடுகிறது. ஆயிரம் மூட்டை நெல்லை ஒரு மூட்டையில் கட்டிய மாதிரி. மிச்சம் 999 மூட்டை எங்கே போயிற்று?

பெரும்பங்கு, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் அனுப்புவதால் மிச்சமாகிறது. கதாநாயகன் கையை அசைத்தால் பின்னால் இருக்கும் சுவரை மறுபடி வர்ணிக்க வேண்டியதில்லை அல்லவா? அது எளிதில் புரிகிற விஷயம். புரியாததும், எனக்கு ருசியாக இருப்பதும் மற்றப் பங்குதான். அதற்கு நாம் பெங்களூர் வழியாக அமெரிக்கா போக வேண்டும்.

நாசிர் அகமது 1940இல் பெங்களூரில் பிறந்தவர். அந்த ஊர் விசுவேசுவரய்யா இஞ்சினீயரிங் கல்லூரியில் 1961இல் பட்டம் வாங்கிக்கொண்டு அமெரிக்கா சென்றார். நியூ மெக்ஸிகோ சர்வகலாசாலையில் மேற்படிப்பு. 1966இல் டாக்டர் பட்டம். இரண்டு வருஷம் கம்பெனி உத்தியோகம் பார்த்துவிட்டு, 1968இல் கான்ஸாஸ் மாகாணத்துச் சர்வகலாசாலையில் ஆசிரியரானார். கோதுமை வயல்கள் நடுவே உள்ள ஊர். பெரிய பெரிய ஆராய்ச்சிசாலைகள் உள்ள இடம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அப்போது பல பேர் ஒரு கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். படத்தைச் சிறு சிறு சதுரங்களாக வெட்டிக்கொள்கிறோம். எட்டுப் புள்ளிக்கு எட்டு வரிசை. மார்கழிக் கோலம் மாதிரி. அறுபத்து நான்கு புள்ளிகளின் வெளிச்சத்தை அறுபத்து நான்கு எண்களாக எழுதுகிறோம். அவை ஏறக்குறைய எல்லாமே முக்கியமானவை. எதையும் விட முடியாது. இதே அறுபத்து நான்கை வேறு அறுபத்து நான்கு எண்களாக மாற்ற முடியுமா? மாற்றினால், விஷயம் முழுவதும் சில எண்களில் வந்து குவிய வேண்டும். மற்றவை வெறும் பதராக நிற்க வேண்டும். பதரைத் தூற்றிவிட வேண்டும். இதற்கு உத்தமமான முறை ஒன்று புத்தகத்தில் ஏற்கெனவே இருந்தது. ஆனால் அது படத்துக்குப் படம் புதிதாகக் கணக்குப் போட வேண்டிய முறை. மூட்டைக்கு மூட்டை புதுப் படி அடித்து நெல் அளக்கிற மாதிரி. மண்டிக்காரன் யாராவது ஒப்புக்கொள்வானா? எல்லா மூட்டைக்கும் ஒரே படி, ஆனால் அளவு மட்டும் தவறக்கூடாது: அதுதான் தேவை.

கோஸைன் என்று பள்ளிக்கூடத்துக் கணக்கில் படித்த அலைகளைக் கொண்டு அப்படி ஒரு பொதுப் படி செய்யலாம் என்று அகமதுவுக்குத் தோன்றிற்று. 1972இல் அமெரிக்க தேசிய விஞ்ஞான நிறுவனத்துக்கு மான்யம் கேட்டு விண்ணப்பம் எழுதினார். மான்யம் கிடைக்கவில்லை. யோசனை மிகவும் சாமான்யமாக இருக்கிறது என்ற பொருளில் பரிசீலகர் ஒருவர் அபிப்பிராயம் எழுதியதாக அகமதுவே பின்னால் நினைவு கூர்ந்திருக்கிறார்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். ‘சாமான்யம்’ என்பது எவ்வளவு சௌகரியமான குற்றச்சாட்டு! தப்பு என்று சொன்னால் நிரூபிக்க வேண்டும். பழசு என்று சொன்னால் யார் முதலில் சொன்னார் என்று காட்ட வேண்டும். சாமான்யம் என்று சொல்வதற்கு ஒன்றுமே வேண்டியதில்லை. உதட்டைப் பிதுக்கினால் போதும்.

அந்த நாட்டுப் புரொபஸர்களுக்கு மான்யம் கிடைக்காத கோடை என்றால் வருமானம் இல்லாத கோடை. அகமதுவும் அவர் மனைவி எஸ்தரும் கலந்து பேசி, எப்படியோ சமாளித்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்தார்கள். 1973 கோடையில் அவர் அந்தச் சாமான்ய யோசனையையே எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவரிடம் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த மாணாக்கர் டி. நடராஜன் உடன் வேலை செய்தார். இன்னொரு துணை கே. ஆர். ராவ்: நம் கிண்டி இஞ்சினீயரிங் கல்லூரியில் 1952இல் பட்டம் பெற்றவர், நியூ மெக்ஸிகோவில் அகமது டாக்டர் பட்டம் வாங்கிய அதே 1966இல் அவரும் வாங்கினார், டெக்ஸஸ் மாகாணத்தில் ஆர்லிங்டன் சர்வகலாசாலையில் ஆசிரியர். பரீட்சித்துப் பார்த்தால், அவர்கள் செய்த பொதுப் படி, அந்த உத்தம முறைக்கு மிக மிக நெருங்கி அளந்தது. மூன்று பேர் பெயரையும் தாங்கிய கட்டுரை 1974 ஜனவரியில் ஒரு கம்ப்யூட்டர் சாஸ்திரப் பத்திரிகையில் வெளிவந்தது. நான்கே பக்கம். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், யார் வேண்டுமானாலும் உபயோகிக்கலாம்.

அந்த மாற்றம் என்ன செய்கிறது என்பதைச் சங்கீதக் கச்சேரிக்குப் போகிறவர்களுக்குச் சுலபமாகச் சொல்லிவிடலாம். புதிதாகக் கிடைக்கும் அறுபத்து நான்கு எண்களில், இடது மேல் மூலையில் இருக்கும் முதல் எண் சுருதி. சதுரம் மொத்தத்தில் இருட்டா, வெளிச்சமா என்று சொல்கிறது. அதற்கு வலப்பக்கத்து எண், இடமிருந்து வலமாக மெல்ல மாறும் வெளிச்சத்தைச் சொல்லும். கீழே இருப்பது மேலிருந்து கீழாக மெல்ல மாறுவதை. இப்படி மூலையை விட்டு விலக விலக, மாறுதல் வேகமாகிறது. கடைசியில் வலது கீழ் மூலையில் இருப்பது கொசுவலைக் கண் மாதிரிப் பொடிப் பொடியான மாறுதல். இனி, படங்களின் சுபாவத்தை எண்ணிப் பாருங்கள். வானம், சுவர், கன்னம், வேட்டி: எல்லாம் மெல்ல மாறுகிறவை. கொசுவலைக் கண் எங்கோ ஓரிடத்தில்தான். ஆகவே பெரிய எண்களெல்லாம் இடது மேல் மூலையில் வந்து குவிகின்றன. கீழே போகப் போகச் சிறுத்துவிடுகின்றன. போதாக்குறைக்கு, மனிதக் கண்ணும் பொடி நுணுக்கத்தைச் சரியாகப் பார்ப்பதில்லை. எனவே அந்தப் பக்கத்துச் சிறு எண்களைத் துணிந்து பூஜ்யமாக்கிவிடலாம். நஷ்டம் ஏற்படுவது இந்த ஓர் இடத்தில்தான். அதுவும் கண்ணுக்குத் தெரியாத நஷ்டம்.

இப்போது கையில் இருப்பது ஒரு மூலையில் சில எண்கள், மற்ற இடமெல்லாம் பூஜ்யம். இவற்றைக் கம்பி வழியே அனுப்ப வேண்டும். கம்பிக்கு நீளம் உண்டு, அகலம் கிடையாது. ஒன்றன் பின் ஒன்றாகத்தான் போக முடியும். எந்த வரிசையில் அனுப்புவது?

கேட்டவுடன் இது ஒரு கேள்வியா என்றுதான் தோன்றும். மூட்டை தூக்குகிறவனுக்கு எந்த மூட்டை முதலில் என்பதில் என்ன பேதம்? எண்ணிக்கையும் எடையும் மாறப் போவதில்லை. ஆனால் இங்கே மாறுகிறது, அதுதான் அதிசயம்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். முதல் வரிசையில் முதல் மூன்று கட்டத்தில் எண்கள், இரண்டாம் வரிசையில் முதல் இரண்டில், மூன்றாம் வரிசையில் முதலாவதில் மட்டும். ஆக ஆறு எண்கள், மற்ற 58ம் பூஜ்யம். நாம் புத்தகம் படிக்கிற மாதிரி வரிசை வரிசையாகச் சொன்னால் எப்படி இருக்கும்? மூன்று எண், பிறகு ஐந்து பூஜ்யம், பிறகு இரண்டு எண், பிறகு ஆறு பூஜ்யம், அப்புறம் ஓர் எண், கடைசியில் 47 பூஜ்யம். பேச்சில் பாதி, இங்கே ஒன்றுமில்லை, அங்கே ஒன்றுமில்லை என்று சொல்வதிலேயே போய்விடுகிறது. அதே சதுரத்தை அந்தக் கோணல் வழியில் நடந்து பாருங்கள். முதல் கட்டம், அதன் வலப்பக்கம், அங்கிருந்து மூலைவாட்டில் கீழே, அதற்கு நேர் கீழே, மறுபடி மூலைவாட்டில் மேலே. ஆறு அடியில் ஆறு எண்ணும் வந்துவிட்டன! மிச்சம் 58 பூஜ்யங்களுக்கு ஒரே வார்த்தை: ‘முடிந்தது.’

இந்த ‘முடிந்தது’ என்ற சொல் எவ்வளவு சின்னது தெரியுமா? 1992இல் வெளியான ஜேபெக் என்ற புகைப்பட முறையில், வெளிச்சத்தைச் சொல்லும் சதுரங்களுக்கு வழக்கமாகக் கொடுக்கும் அட்டவணைப்படி அது நான்கே குறி: ஒன்று, பூஜ்யம், ஒன்று, பூஜ்யம். தந்தி ஆபீசில் ஆங்கிலத்தில் அதிகம் வருகிற எழுத்துக்கு ஒரே ஒரு புள்ளி வைத்தார்களே, அதே யுக்தி. அடிக்கடி சொல்ல வேண்டியதற்குச் சின்னப் பெயர் வை.

எண்ணும் மாறவில்லை, படத்திலும் ஒரு மயிரிழை குறையவில்லை. சொல்கிற வரிசை ஒன்று மாறியதும் பேச்சு சுருங்கிவிட்டது. ஏன்? மூலையிலிருந்து விலகும் தூரமே எண்கள் சிறுக்கும் சரிவு. கோணல் வழி அந்தச் சரிவோடு இறங்குகிறது. பெரியவையெல்லாம் முன்னே வந்துவிட, பூஜ்யங்கள் பின்னால் ஒரே கூட்டமாகத் திரள்கின்றன. வாய்க்கால் வெட்டியவர்கள் கண்ட தத்துவம் வேறு, இது வேறா?

இப்படி மூலைவாட்டில் நடப்பதற்கு முன்னோடியாக ஆண்ட்ரூ டெஷர் என்பவரின் 1970களின் ஆராய்ச்சியைக் குறிப்பிடுவார்கள். வென்-ஷியுங் சென், வில்லியம் பிராட் என்ற இருவர் 1984இல் எழுதிய கட்டுரைதான் இதை ஒரு முழு யந்திரமாக்கிக் காட்டியது: மாற்றம், பதர் தூற்றல், கோணல் நடை, பூஜ்யங்களைக் கூட்டமாக எண்ணுதல், சின்னப் பெயர் சூட்டுதல். சென் நடத்திய கம்பெனி, தூரத்தில் இருக்கிறவர்கள் டெலிபோன் கம்பி வழியே முகம் பார்த்துப் பேச யந்திரம் செய்து விற்ற கம்பெனி. கம்பிக்கு வாடகை நிமிஷக் கணக்கு. சிக்கனம் அங்கே தர்மம் அல்ல, வியாபாரம்.

பூஜ்யங்களைக் கூட்டமாக எண்ணுவது பற்றிச் சொன்னேன். இதைப் படித்த கொஞ்ச நாளில் வேறு காரியமாகப் பவானிக்குப் போயிருந்தபோது, ஜமக்காளம் நெய்கிற ஒருவரின் குழித்தறிப் பக்கம் சற்று உட்கார்ந்தேன். என்னைவிட வயதில் இளையவர். அகலப் பட்டையாகச் சிவப்பு, அதன் ஓரத்தில் மெல்லிய பச்சை, மறுபடி சிவப்பு.

“இத்தனை இழைக்கணக்கை எழுதி வைத்துக்கொள்ள மாட்டீர்களா?” என்று கேட்டேன்.

“அதென்னுங்கய்யா பெரிய வித்தை? சேப்பு நாப்பது, பச்சை நாலு, மறுக்காச் சேப்பு நாப்பது. அவ்வளவுதானுங்க. ஒவ்வொரு ஊடையும் என்ன வண்ணம்னு சொல்லீட்டிருந்தா பொழுது போயிருமுங்க” என்றார்.

எத்தனை தடவை, என்ன வர்ணம். இவ்வளவுதான் சங்கதி. ‘இத்தனை பூஜ்யம், அதற்குப் பின் இந்த எண்’ என்று இரண்டையும் ஜோடி சேர்த்து அதற்கு ஒரு சின்னப் பெயர் சூட்டும் முறைக்குச் சென்னும் இன்னொருவரும் 1986இல் அமெரிக்காவில் பேடண்ட் கேட்டு, 1987 அக்டோபரில் பெற்றார்கள். அப்போது யாரும் கவனிக்கவில்லை. 1997இல் அந்தக் கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கிற்று. வாங்கிய கம்பெனி பிறகு ஃபோர்ஜண்ட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. பெட்டியடியில் கிடந்த பழைய பத்திரத்தை யாரோ தூசு தட்டிப் படித்திருக்க வேண்டும். 2002இல் ஃபோர்ஜண்ட் ஓர் அறிக்கை விட்டது: ஜேபெக் முறையில் படம் சேமிக்கிற எல்லாரும் எங்கள் சொத்தை உபயோகிக்கிறார்கள், ஆகவே பணம் கட்ட வேண்டும்.

உலகத்தில் அப்போது கேமராவிலும் கம்ப்யூட்டரிலும் இருந்த புகைப்படங்களில் பெரும்பாலானவை ஜேபெக். பத்து வருஷமாக எல்லாரும் பொதுக் கிணறு என்று நினைத்துத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த இடத்தில், ஒருவர் வந்து பட்டாவைக் காட்டுகிறார். பெரிய கம்பெனிகள் சில, வக்கீலுக்குக் கொடுப்பதைவிட இவருக்கே கொடுத்துவிடலாம் என்று கொடுத்துவிட்டன. வசூல் மொத்தம் 10 கோடி டாலரைத் தாண்டிற்று. கொடுக்க மறுத்த முப்பதுக்கு மேற்பட்ட கம்பெனிகள் மீது 2004இல் வழக்கு. பொதுநல ஸ்தாபனம் ஒன்று மனுக் கொடுக்க, பேடண்ட் ஆபீஸ் மறுபடி பரிசீலித்து, 2006இல் அந்தப் பேடண்டின் அகலமான உரிமைகளை நிராகரித்தது. அந்த வருஷக் கடைசியில் மீதி வழக்குகளும் ராஜியாயின. அதற்குள் பேடண்டின் ஆயுளும் முடிந்திருந்தது.

பேடண்ட் கூடாது என்று வாதிக்க வரவில்லை நான். உழைத்தவனுக்குக் கூலி வேண்டும். சென் உழைத்தவர், அதில் சந்தேகமில்லை. ஆனால் வசூல் செய்தவர்கள் அவரல்லர். 1972இல் ஒரு யோசனை மிகச் சாமான்யமாக இருந்ததால் ஒரு கோடைக்குச் சம்பளம் இல்லாமல் போயிற்று. அதன்மேல் கட்டப்பட்ட, அதைவிடச் சாமான்யமான இன்னொரு யோசனை, தறிக் குழியில் வாயால் சொல்லிவிடக்கூடியது, முப்பது வருஷம் கழித்து 10 கோடி டாலருக்கு விலை போயிற்று. கேட்கிறபோது சாமான்யம், விற்கிறபோது அற்புதம். இரண்டு தராசும் ஒரே தேசத்துத் தராசுதான்.

காலிங்கராயரைப் பற்றி இன்னொரு கதை உண்டு. இந்த வாய்க்காலை என் லாபத்துக்காக வெட்டினேன் என்று ஒருவரும் சொல்லக்கூடாது, நானும் என் சந்ததியும் இதன் தண்ணீரைத் தொடமாட்டோம் என்று சொல்லிவிட்டு, பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குக் குடிபெயர்ந்துவிட்டார் என்பார்கள். அகமது அப்படி ஒரு சபதமும் செய்யவில்லை. நான்கு பக்கக் கட்டுரையை அச்சுக்கு அனுப்பினார், அவ்வளவுதான். பாசனம் என்னவோ அதேபோல்தான் நடந்தது. 1988இலிருந்து உருவான டெலிபோன் வீடியோ முறை, 1993இன் வீடியோ ஸி.டி., பிறகு டி.வி.டி., கேபிள், செல்போன் எல்லாவற்றுக்கும் தலைமடை அந்த நான்கு பக்கம்.

வீடியோ ஸி.டி.யை எங்கள் ஊர் மறக்காது. தொண்ணூறுகளின் கடைசியில் தெருவுக்கு ஒரு வாடகைக் கடை. ஒரு தட்டில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகத்தான் பிடிக்கும் என்பதால் தமிழ்ப் படங்கள் இரண்டு, மூன்று தட்டாக வரும். இரண்டாம் தட்டில் கீறல் விழுந்தால் கதாநாயகியின் முகம் சதுரம் சதுரமாக உடைந்து சிதறும். அந்தச் சதுரங்களை வைதவர்கள் பலர். அவை எட்டுக்கு எட்டு என்று எண்ணிப் பார்த்தவர்கள் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

சரித்திரம் இத்துடன் நிற்கவில்லை. கோணல் வழியே எல்லாவற்றுக்கும் பொருந்துமா என்ற கேள்வி டெலிவிஷனில் எழுந்தது. பழைய டெலிவிஷன் ஒரு படத்தை இரண்டு தவணையாகக் காட்டும்: முதலில் ஒற்றைப்படை வரிகள், அடுத்து இரட்டைப்படை வரிகள். நடுவில் ஐம்பதில் ஒரு வினாடி கழிந்துவிடுகிறது. அதற்குள் மாடு ஓரடி நகர்ந்திருந்தால், இரண்டு தவணையையும் சேர்க்கும்போது அதன் விளிம்பு சீப்புப் பல் மாதிரி ஆகிவிடும். சீப்புப் பல் என்றால் மேலிருந்து கீழாக வேகமான மாறுதல். அப்போது பெரிய எண்கள் மூலையில் மட்டும் குவியாமல், இடது ஓரமாகக் கீழ்நோக்கி வழிந்து இறங்குகின்றன. சரிவு மாறிவிட்டது! வாய்க்கால் பழைய வழியிலேயே போகலாமா? 1995இன் எம்பெக்-2 முறையில் இரண்டாவது வழி ஒன்று வகுத்தார்கள். அது முதலில் இடது ஓரமாக நான்கு கட்டம் செங்குத்தாக இறங்கி, பிறகுதான் பக்கத்துப் பத்திக்குத் தாண்டுகிறது. படத்துக்கு ஏற்ப எந்த வழி என்று அனுப்புகிறவர் தேர்ந்துகொள்ளலாம்.

2013இல் வந்த முறை இன்னும் வேடிக்கை. சதுரங்கள் 32க்கு 32 வரை பெருத்துவிட்டன. அவ்வளவு பெரிய காட்டில் ஒரே கோட்டை இழுத்துக்கொண்டு அலைவதில் பிரயோஜனம் இல்லை. நான்குக்கு நான்காகப் பாத்தி கட்டிவிட்டார்கள். பாத்தி முழுவதும் பூஜ்யமானால் அதை ஒரே குறியில் தாண்டிவிடலாம். முன்னும் பின்னும் நெளியும் நடையையும் விட்டுவிட்டு, ஒரே திசையில் மூலைவாட்டில் ஏறும் நடையைக் கொண்டார்கள். சிறு சதுரங்களில், படத்தின் கோடுகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று பார்த்து, குறுக்காகவோ நெடுக்காகவோ நடக்கவும் இடம் வைத்தார்கள். எல்லாவற்றையும்விட ஆச்சரியம், வழியைத் தலைகீழாக்கியது. கடைசியாக எண் இருக்கும் கட்டம் எது என்று முதலில் சொல்லிவிட்டு, அங்கிருந்து முதல் கட்டத்தை நோக்கிப் பின்னோக்கி வருகிறார்கள். காரணம் இருக்கிறது. ஓரத்தில் எண்கள் ஒன்று, இரண்டு என்று பொடியாக இருக்கும், சுலபமாக ஊகிக்கலாம். வருகிற வழியில் வலப்பக்கத்தையும் கீழ்ப்பக்கத்தையும் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. அக்கம்பக்கத்து வீடு எப்படி என்று தெரிந்தால் இந்த வீடு எப்படி இருக்கும் என்று நாம் ஊகித்துவிடுவதில்லையா? ஊகம் பலிக்கப் பலிக்கச் சொல்ல வேண்டியது குறைகிறது. நம் பெரியவர்கள் சிலர் தினசரியைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பதைக் கண்டு சிரித்திருக்கிறேன். இனிச் சிரிக்க யோசிப்பேன்.

கே. ஆர். ராவ் ஆர்லிங்டனிலேயே கடைசி வரை ஆசிரியராக இருந்து, 2021இல் காலமானார். அதே வருஷம் பிப்ரவரியில் ‘திஸ் இஸ் அஸ்’ என்ற அமெரிக்க டெலிவிஷன் தொடரில் ஓர் அத்தியாயம் வந்தது. கொரோனாக் காலம்; நேரில் போய்ப் பார்க்க முடியாத உறவினர்கள் செல்போனில் முகம் பார்த்துக்கொள்கிற கதை. அந்தக் கதைக்கு நடுவே, சம்பந்தமே இல்லாத மாதிரி, எங்கிருந்தோ ஓர் இந்திய இளைஞரும் அவர் காதலியும் வருகிறார்கள். கல்யாணம் செய்துகொள்கிறார்கள், அவர் காகிதத்தில் ஏதோ கிறுக்கிக்கொண்டே இருக்கிறார். அகமதுவும் எஸ்தரும்தான், நடிகர்கள் வேஷத்தில். அமெரிக்காவில் ஆன்டெனா வைத்து டெலிவிஷன் பார்க்கிறவர்களுக்கு அன்றைக்கும் பெரும்பாலும் 1995 முறைதான். ஆகவே அந்தக் காட்சியும் எட்டுக்கு எட்டுச் சதுரங்களாக வெட்டுண்டு, ஒவ்வொரு சதுரமும் பெரிய எண் முன்னால், சின்ன எண் பின்னால், பிறகு ‘முடிந்தது’ என்ற சொல்லுமாகத்தான் அவர்கள் வீடுகளுக்கு வந்து சேர்ந்தது.